கோப்பை நகர்த்திய பிறகு மெர்ஜ்: 'கிட் எம்வி' காப்பாற்றாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில், நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் 'கிட்' கருவி பற்றி வந்த அறிமுகக் கட்டுரையைப் படித்தேன். நிரல் எழுதப் புதிதாக வருபவர்களுக்குத் தமிழில் இப்படி ஒன்று கிடைப்பது நல்ல விஷயம். ஆனால் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது: கோப்பை வேறு ஃபோல்டருக்கு மாற்றும்போது 'கிட் எம்வி' கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும், அப்போதுதான் அதன் வரலாறு கூடவே வரும், பின்னால் மெர்ஜ் செய்யும்போது, அதாவது தனித்தனியாக நடந்த வேலைகளை ஒன்றாக இணைக்கும்போது, சிக்கல் இருக்காது என்று. கட்டுரை எழுதியவரை மட்டும் குறை சொல்ல முடியாது, பல அலுவலகங்களில் சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதுதான். ஆனால் அது உண்மையில்லை, அதை நம்பி ஒரு பெரிய ரீஃபாக்டரிங்கில் (நிரலின் வேலையை மாற்றாமல் அமைப்பை மட்டும் சீர்செய்வது) இறங்கினால் வேறொருவர் தன் பிராஞ்சில் (தனியாகப் பிரித்து வேலை செய்யும் கிளை) செய்துவைத்த திருத்தம் சத்தமில்லாமல் காணாமல் போகும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'கிட் எம்வி' செய்வது இவ்வளவுதான்: கோப்பை வட்டில் நகர்த்துகிறது, பழைய பாதையை இண்டெக்ஸிலிருந்து (அடுத்த பதிவுக்கான கோப்புப் பட்டியல்) எடுத்துவிடுகிறது, புதிய பாதையைச் சேர்க்கிறது. இதே மூன்றையும் நீங்கள் கையால் செய்தாலும் உருவாகும் கமிட்டின் உள்ளடக்கத்தில் ஒரு பைட் கூட வித்தியாசம் இருக்காது. "இந்தக் கோப்புதான் அங்கே போனது" என்று கிட் எங்கேயும் எழுதிவைப்பதில்லை. ஒவ்வொரு கமிட்டும் அந்த நேரத்தில் திட்டம் முழுவதும் எப்படி இருந்தது என்பதன் பதிவு, அவ்வளவே. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை உருவாக்கியபோது தெரிந்தே எடுத்த முடிவு இது. நகர்த்தியதைப் பதிவு செய்ய வேண்டாம், தேவைப்படும்போது உள்ளடக்கத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். அதே ஆண்டில் வந்த மெர்க்குரியல் என்ற இதே வகைக் கருவி இதற்கு நேர்மாறு, அதில் 'ஹெச்ஜி எம்வி' என்று சொன்னால் நகர்வு உண்மையாகவே பதிவாகும், சொல்லாமல் நகர்த்தினால் பிறகு தனியாகச் சொல்ல வேண்டும். சப்வெர்ஷன் என்ற இன்னொரு கருவியில் நகர்வு என்பது ஒரு நகலும் ஓர் அழிப்பும் சேர்ந்தது, அதனால் நகர்த்திய பக்கத்துக்குத் திருத்தங்களை மெர்ஜ் செய்தால் ட்ரீ கான்ஃப்ளிக்ட் (கோப்புகள் இருக்கும் இடத்தைப் பற்றிய மோதல்) வரும், 2009இல் வந்த 1.6 பதிப்புதான் அப்படி ஒரு மோதல் நடந்திருக்கிறது என்பதையே ஒழுங்காகச் சொல்ல ஆரம்பித்தது. அந்தக் கருவிகளில் பழகியவர்கள் கிட்டுக்கு வந்தபோது கூடவே கொண்டுவந்த பழக்கம்தான் இந்த 'எம்வி' நம்பிக்கை என்று நினைக்கிறேன்.

சரி, பதிவே இல்லையென்றால் கிட் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஊகிக்கிறது. ஒரு பாதை மறைந்திருக்கிறது, இன்னொரு பாதை புதிதாக முளைத்திருக்கிறது என்றால் இரண்டின் உள்ளடக்கத்தையும் ஒப்பிடும். அப்படியே ஒன்றாக இருந்தால் வேலை சுலபம், ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) பார்த்தாலே தெரிந்துவிடும். கொஞ்சம் மாறியிருந்தால் எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று கணக்குப் போடும், நாம் எதுவும் மாற்றாதவரை 50 சதவீதம்தான் எல்லை. அதற்கு மேல் இருந்தால் நகர்ந்தது என்று எடுத்துக்கொள்ளும், கீழே போனால் ஒரு கோப்பு அழிக்கப்பட்டது, சம்பந்தமில்லாத இன்னொரு கோப்பு பிறந்தது என்றே முடிவு கட்டும். 'கிட் டிஃப்' கட்டளையில் நேம்-ஸ்டேட்டஸ் (எந்தக் கோப்பு என்ன ஆனது என்ற பட்டியல்) கேட்டால் ஆர்100, ஆர்087 என்று வருமே, அந்த எண் இந்த ஒற்றுமைச் சதவீதம்தான்.

இதுவரை பலருக்குத் தெரிந்திருக்கும். பலருக்குத் தெரியாதது அடுத்தது, என் கடிதத்தின் மையமே அதுதான். மெர்ஜ் செய்யும்போது கிட் இடையில் உள்ள கமிட்களை ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவதில்லை. மூன்று புள்ளிகளை மட்டும் பார்க்கிறது: இரண்டு பிராஞ்சும் பிரிந்த இடத்தில் உள்ள பொது மூதாதை, இந்தப் பக்கத்தின் நுனி (கடைசிக் கமிட்), அந்தப் பக்கத்தின் நுனி. அதனால் "நான் முதல் கமிட்டில் வெறும் நகர்வு மட்டும் செய்தேன், அடுத்த கமிட்களில்தான் திருத்தினேன், பிரித்துத்தானே செய்திருக்கிறேன்" என்று சொல்பவருக்கும் அந்தப் பிரிப்பினால் தானாக ஒரு பயனும் இல்லை. மெயின் பிராஞ்சின் (எல்லோர் வேலையும் கடைசியில் வந்து சேரும் கிளை) நுனியில் இருக்கும் கோப்பை மூதாதையின் கோப்போடு ஒப்பிடும்போது இடையில் நடந்த எல்லாத் திருத்தங்களும் ஒரே மூட்டையாகத்தான் கணக்கில் வரும். நகர்த்தி, வகுப்பின் பெயரை மாற்றி, ஃபார்மாட்டர் (நிரலின் இடைவெளி, வரி அமைப்பைச் சீராக்கும் கருவி) ஓட்டி, நீளமான செயற்கூறுகளை உடைத்து என்று மாதக்கணக்கில் வேலை நடந்திருந்தால் ஒற்றுமை 50க்குக் கீழே போவது ஆச்சரியமில்லை. சிறிய கோப்புகளில் இன்னும் மோசம். ஜாவாவில் பத்துப் பதினைந்து வரிக் கோப்பை நகர்த்தினால் பேக்கேஜ் வரியும் (கோப்பு எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று சொல்வது) இம்போர்ட் வரிகளும் (பிற கோப்புகளை அழைப்பவை) மாறுவதே பாதிக் கோப்பைத் தின்றுவிடும்.

அப்படி ஊகம் தவறினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். வழக்கமான கான்ஃப்ளிக்ட் (இரு பக்கத் திருத்தங்களும் மோதுவது) என்றால் கோப்புக்குள் அம்புக்குறிகள் இருக்கும், எடிட்டர் சிவப்பாகக் காட்டும், யாரும் தவறவிட முடியாது. இங்கே வருவது 'மாடிஃபை/டிலீட்' என்ற வகை. ஒரு பக்கம் அழித்திருக்கிறது, மறுபக்கம் திருத்தியிருக்கிறது என்று டெர்மினலில் ஒரு வரி, கூடவே திருத்திய பிரதியைப் பழைய இடத்திலேயே முழுசாக விட்டுவைத்திருக்கும். உள்ளே அம்புக்குறி ஒன்றும் கிடையாது, திறந்து பார்த்தால் கோப்பு சுத்தமாக இருக்கும். மெர்ஜ் செய்பவர் அவசரத்தில் இரண்டில் ஒன்றைச் செய்வார். ஒன்று, 'ஆட்' செய்துவிடுவார், அப்போது பழைய இடத்தில் ஒன்று, புதிய இடத்தில் ஒன்று என்று ஒரே கோப்பு இரட்டையாகிவிடும், பழையதை யாரும் அழைப்பதில்லை, அதில் இருக்கும் திருத்தம் வேலையும் செய்யாது. இல்லையென்றால் "இந்த ஃபோல்டரைத்தான் காலி செய்துவிட்டோமே" என்று அழித்துவிடுவார், திருத்தமும் அதோடு போய்விடும். இரண்டு வழியிலும் பெரும்பாலும் பில்டு (நிரலைத் தொகுத்துச் சோதிப்பது) பச்சையாகத்தான் இருக்கும். சரிசெய்த பிழை சில வாரம் கழித்துத் திரும்ப வந்து நிற்கும்போது, அதை எழுதியவர் "நான் மெர்ஜ் செய்துவிட்டேனே" என்று சத்தியம் செய்வார், வரலாற்றைப் பார்த்தால் அவர் கமிட்டும் அங்கே இருக்கும், நிரலில் மட்டும் இருக்காது.

இந்த வகை மோதல் வந்தால் கையால் சரிசெய்யச் சுருக்கமான வழி உண்டு. இண்டெக்ஸில் 1ஆம் நிலையில் மூதாதையின் பிரதி இருக்கும், நம் பக்கம் நகர்த்தியிருந்தால் எதிர்ப்பக்கத்தின் பிரதி 3ஆம் நிலையில் இருக்கும். இரண்டையும் 'கிட் ஷோ' மூலம் தற்காலிகக் கோப்புகளாக எடுத்து, புதிய இடத்தில் உள்ள கோப்பையும் சேர்த்து மூன்றையும் 'கிட் மெர்ஜ்-ஃபைல்' கட்டளைக்குக் கொடுத்தால் அது ஒழுங்கான மும்முனை மெர்ஜ் செய்துதரும். ஒன்றிரண்டு கோப்புக்கு இது போதும், இருநூறு கோப்புக்கு முடியாது.

உடனே சிலர் சொல்வது ஒற்றுமை எல்லையைக் குறைக்கலாமே என்பது. குறைக்கலாம், மெர்ஜ் கட்டளைக்கு 'ஃபைண்ட்-ரீநேம்ஸ்' என்ற விருப்பத்தில் 30 என்று கொடுத்தால் 30 சதவீதம் ஒத்துப்போனாலே ஜோடி சேர்த்துவிடும். ஆனால் எல்லாக் கோப்பின் தலையிலும் ஒரே உரிமக் குறிப்பு நீளமாக இருந்து, உள்ளே சொற்ப வரிகளே இருக்கும் திட்டங்களில் எது எதோடும் ஒத்துப்போகும். தப்பான ஜோடி அமைந்தால் உங்கள் திருத்தம் சம்பந்தமில்லாத கோப்பில் போய் உட்காரப் பார்க்கும். பெரும்பாலும் அது மோதலாக வெளியே தெரிந்துவிடும், எப்போதும் தெரியும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, கோப்புகள் மிக அதிகமாக இருந்தால் கிட் இந்த ஒப்பீட்டையே விட்டுவிடும், விட்டுவிட்டேன் என்று ஓர் எச்சரிக்கை வரி மட்டும் போடும், அதை யார் படிக்கிறார்கள்? 'மெர்ஜ்.ரீநேம்லிமிட்' அமைப்பைக் கூட்டி மறுபடி மெர்ஜ் செய்து பார்க்க வேண்டும். அப்படியே நகர்ந்த, ஒரு எழுத்தும் மாறாத கோப்புகளுக்கு இந்த வரம்பு பொருந்தாது என்பதைக் கவனியுங்கள், அடுத்துச் சொல்லப்போவதற்கு அது முக்கியம்.

2021 கடைசியில் வந்த 2.34 பதிப்பிலிருந்து 'ஓஆர்டி' என்ற புதிய மெர்ஜ் இயந்திரம்தான் இயல்பாக ஓடுகிறது. எலைஜா நியூரன் எழுதியது. நகர்வுகள் நிறைந்த மெர்ஜில் பழையதைவிடப் பல மடங்கு வேகம், ஊகத்திலும் கெட்டி. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு திண்டாடுபவர்கள் முதலில் கிட்டைப் புதுப்பித்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம். ஆனால் எவ்வளவு கெட்டிக்கார இயந்திரமும் பார்ப்பது அதே மூன்று புள்ளிகளைத்தான்.

அப்புறம் என்னதான் செய்வது? நகர்வைத் தனிக் கமிட்டாகச் செய்தால் மட்டும் போதாது, அந்தக் கமிட்டில் மற்ற பிராஞ்சுகள் எல்லாம் நின்று போக வேண்டும். எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி நுனியிலிருந்து நுனிக்கு ஓடாமல், நகர்வு நடந்த இடத்தை ஒரு ஸ்டேஷனாக வைத்துக்கொள்ள வேண்டும். அதாவது மெயினில் நகர்வுக்கு முந்தைய கமிட்டுக்கு ஒரு டேக் (பெயர் அடையாளம்), நகர்வு மட்டுமே நடந்த கமிட்டுக்கு ஒரு டேக் போட்டுவிடுங்கள். நீண்டநாள் ஓடும் பிராஞ்ச் வைத்திருப்பவர் முதலில் முந்தைய டேக்கைத் தன் பிராஞ்சுக்குள் மெர்ஜ் செய்கிறார். இதில் நகர்வே கிடையாது, வருவது வழக்கமான மோதல்கள்தான், தீர்த்துக்கொள்ளலாம். அடுத்து நகர்வு டேக்கை மெர்ஜ் செய்கிறார். இப்போது பொது மூதாதை அந்த முந்தைய டேக், அதற்கும் இதற்கும் வித்தியாசம் வெறும் நகர்வு, எல்லாமே ஆர்100, ஊகத்துக்கே வேலையில்லை, அவர் திருத்தங்கள் எல்லாம் புதிய இடத்துக்குப் போய்விடும். கடைசியாக மெயினின் நுனியை மெர்ஜ் செய்கிறார். இப்போது மூதாதை நகர்வு டேக், இரு பக்கமும் கோப்புகள் ஏற்கெனவே புதிய பாதையில் இருப்பதால் நகர்வைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே எழாது. மூன்று மெர்ஜ் என்று கேட்கும்போது மலைப்பாக இருக்கும், உண்மையில் ஒரே மூட்டையாக வரும் மோதலைவிடப் பல மடங்கு இலகு. ரீபேஸ் (தன் கமிட்களை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்குவது) பழக்கமுள்ளவர்களும் இதே வரிசையில் மூன்று முறை ரீபேஸ் செய்யலாம்.

இதைக் கெடுப்பது ஸ்குவாஷ், அதாவது பல கமிட்களை ஒன்றாக்குவது. நகர்வையும் திருத்தங்களையும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் (மெயினில் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) போட்டு, அதை ஸ்குவாஷ் செய்து மெயினில் சேர்த்தால் நீங்கள் அழகாகப் பிரித்துவைத்த கமிட்கள் எல்லாம் ஒன்றாகக் கரைந்துவிடும், நிற்பதற்கு ஸ்டேஷன் இருக்காது. ஸ்குவாஷ் கட்டாயம் என்று வைத்திருக்கும் குழுக்கள் நகர்வைத் தனி புல் ரிக்வெஸ்ட்டாகவே அனுப்ப வேண்டும். பார்வையிடுபவருக்கும் அதுதான் நல்லது, எல்லாம் ஆர்100 என்று இருந்தால் ஒரு நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்துவிடலாம்.

"வெறும் நகர்வு மட்டும் செய்தால் கம்பைல் ஆகாதே" என்று ஜாவா ஆட்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. பேக்கேஜ் வரி ஃபோல்டரோடு ஒத்துப்போக வேண்டும். என் கருத்து, அந்த ஒரு வரியும் இம்போர்ட் வரிகளும் மாறட்டும், அதற்கு மேல் ஒரு எழுத்தும் மாறக்கூடாது. கோப்பு ஓரளவு நீளமாக இருந்தால் 90 சதவீதத்துக்கு மேல்தான் நிற்கும். சுத்தமாக ஆர்100தான் வேண்டும், இடையில் ஒரு கமிட் கம்பைல் ஆகாவிட்டாலும் பரவாயில்லை என்று முடிவு செய்யும் குழுவையும் தப்பு சொல்ல மாட்டேன், பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று தேடும் 'கிட் பைசெக்ட்' ஓட்டும்போது அந்தக் கமிட்டை 'ஸ்கிப்' செய்துகொள்ளலாம். ஃபார்மாட்டர் ஓட்டுவதை மட்டும் இந்தக் கமிட்டில் கலக்கவே கலக்காதீர்கள்.

இனி, ஏற்கெனவே எல்லாவற்றையும் கலந்து மெயினில் போட்டாகிவிட்டது, வெளியே பெரிய பிராஞ்ச் ஒன்று காத்துக்கொண்டிருக்கிறது என்ற நிலை. இதற்கும் வழி உண்டு, கொஞ்சம் தந்திரமானது, ஆனால் வேலை செய்யும். கலப்படக் கமிட்டுக்கு முந்தைய கமிட்டிலிருந்து ஒரு தற்காலிக பிராஞ்ச் எடுங்கள். அதில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மூலம் கோப்புகளைப் புதிய இடங்களுக்கு நகர்த்துங்கள், நகர்வு மட்டும், கமிட் செய்யுங்கள். இதுதான் நாம் முன்பே வைத்திருக்க வேண்டிய ஸ்டேஷன். பிறகு மெயினிலிருந்து இன்னொரு தற்காலிக பிராஞ்ச் எடுத்து, அந்த ஸ்டேஷன் கமிட்டை 'அவர்ஸ்' ஸ்ட்ராட்டஜியில் மெர்ஜ் செய்யுங்கள். இதனால் மெயினின் நிரலில் ஒரு எழுத்தும் மாறாது, ஸ்டேஷன் கமிட் அதன் முன்னோர்களில் ஒன்றாகப் பதிவாகிவிடும், நமக்கு வேண்டியது அவ்வளவுதான். இப்போது காத்திருக்கும் பிராஞ்சுக்குள் முதலில் முந்தைய கமிட், அடுத்து ஸ்டேஷன் கமிட், கடைசியாக இந்த இரண்டாவது தற்காலிக பிராஞ்ச் என்று வரிசையாக மெர்ஜ் செய்தால், கடைசி மெர்ஜுக்குப் பொது மூதாதை ஸ்டேஷன் கமிட்டாகவே அமையும், பாதைகள் இரு பக்கமும் பொருந்திவிடும். ஒரு எச்சரிக்கை: ஸ்ட்ராட்டஜி 'அவர்ஸ்' வேறு, எக்ஸ் விருப்பமாகக் கொடுக்கும் 'அவர்ஸ்' வேறு. இரண்டாவது, மோதும் இடங்களில் மட்டும் நம் பக்கத்தை எடுப்பது, அதை இங்கே போட்டால் கதை கெட்டுவிடும்.

ஒரு கோப்பை உடைத்து இரண்டு மூன்றாக்கும் ரீஃபாக்டரிங்குக்கு இதெல்லாம் முழுத் தீர்வு ஆகாது. அதிகபட்சம் ஒரு துண்டோடு மட்டுமே கிட் ஜோடி சேர்க்கும், மற்ற துண்டுகளுக்குப் போன வரிகளில் யாராவது திருத்தம் செய்திருந்தால் அதைக் கண்ணால் பார்த்துத்தான் எடுத்துவைக்க வேண்டும். அதனால் பெரிய கோப்பை உடைப்பதற்கு முன்பு அதைத் தொடும் பிராஞ்சுகளை உள்ளே கொண்டுவந்துவிடுவது ஒன்றே வழி.

புதிய கோப்புகள் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் ஃபோல்டரையே மாற்றியிருக்கிறீர்கள், இன்னொருவர் தன் பிராஞ்சில் பழைய ஃபோல்டருக்குள் புதிதாக ஒரு கோப்பு எழுதியிருக்கிறார். 2018இல் வந்த 2.18 பதிப்பிலிருந்து கிட்டுக்கு ஃபோல்டர் நகர்வும் புரியும். இப்போதைய இயல்பு அமைப்பில், இந்தக் கோப்பு புதிய ஃபோல்டருக்குப் போக வேண்டும் போலிருக்கிறதே என்று மோதலாகக் காட்டி உங்களிடம் விட்டுவிடும். ஆனால் பழைய ஃபோல்டரில் ஒரே ஒரு கோப்பை மிச்சம் வைத்திருந்தாலும் ஃபோல்டர் நகர்ந்ததாக அது எடுத்துக்கொள்ளாது, புதிய கோப்பு பழைய இடத்திலேயே தங்கிவிடும். சரியான இடத்துக்குப் போனாலும் அதற்குள் இருக்கும் பழைய இம்போர்ட் வரிகளை எந்த மெர்ஜும் திருத்தாது. ஜாவா என்றால் கம்பைலர் கத்தும், பைத்தான் மாதிரி மொழிகளில் அந்த வரி ஓடும்வரை தெரியாது.

எனவே மெர்ஜ் முடிந்ததும் பில்டு பச்சை என்று எழுந்து போகாமல், பழைய பாதைகளில் 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்' ஓட்டி ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். பிராஞ்சில் திருத்தப்பட்ட ஒவ்வொரு கோப்பின் திருத்தமும் புதிய இடத்தில் இருக்கிறதா என்பதையும் மூதாதையோடு வைத்து ஒரு முறை ஒப்பிட்டுவிடுங்கள். அலுப்பான வேலைதான். ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவைத்துக்கொண்டால் அடுத்த முறை அந்த அலுப்பு இருக்காது.

கட்டுரைத் தொடர் இன்னும் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். பிராஞ்ச், மெர்ஜ் பற்றிய பகுதி வரும்போது 'கிட் எம்வி' பற்றிய அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள், முடிந்தால் அந்த மூன்று புள்ளிக் கணக்கை ஒரு சின்னப் படமாகப் போடுங்கள், எழுத்தில் சொல்வதைவிடப் படத்தில் சீக்கிரம் புரியும்.

இப்படிக்கு,
மென்பொருள் துறையில் இருக்கும் ஒரு வாசகர்